பதினேழாம் கேள்வியின் பின்பக்கம்

மலையில் பனி இறங்கிய ஆகஸ்டில்
மசேருவிலிருந்து வந்தான் லெபோனா.
நனைந்த நகரத்துக் காலணி,
நனையாமல் காத்த நாற்பது படிவங்கள்.
'சுகாதார ஊழியரின் பணித் திருப்தி' என்றான்,
புதிதாய்க் கண்டுபிடித்த காய்ச்சலின்
பெயரைச் சொல்வதுபோல.

நாற்பதா?
இங்கே நாங்கள் மூன்று பேர்.
நான், துப்புரவுக்கு லிசெபோ,
அப்புறம் காவலுக்கு மொகெடே.
அவர் ஊழியர்தானா என்று
தலைமையகம் இன்னும் முடிவு செய்யவில்லை.
நான்காவது நாற்காலி காலிப் பணியிடம்.
மூன்று வருடமாய் என் கம்பளி
அதில் உட்கார்ந்திருக்கிறது,
அதனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

பெயர்?
கொட்ஸோஃபலாங்.
இப்போது சிரித்தான்.
எங்கள் மொழியில்
'திருப்தியாய் இருங்கள்' என்று பொருள்.
ஆறாவதும் பெண்ணாய் நான் பிறந்தபோது
அப்பா வைத்தது.
என்னிடம் சொன்னதல்ல அது,
ஊராரிடம் சொன்னது.

சம்பளம் உரிய நாளில் வருகிறதா?
நாள் சரிதான்.
எந்த மாதத்து நாள் என்பதில்தான் பேச்சு.

மேலதிகாரி உங்களைப் பாராட்டுகிறாரா?
வாரம் ஒருமுறை ரேடியோவில் பேசுகிறார்.
கரகரப்பு.
அதற்குள் பாராட்டு இருந்திருக்கலாம்.

தேவையான பொருட்கள் கிடைக்கின்றனவா?
கையுறை உண்டு, எல்லாம் இடக்கை.
இதை எழுதாதே, எழுதினால்
அடுத்த முறை எல்லாம் வலக்கையாய் வரும்.

தங்கச் சுரங்கத்தில் நுரையீரலை விட்டுவிட்டு வந்த ஒருவர்
ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல்,
என் கண்முன் மாத்திரை விழுங்கினார்.
கடைசி நாளில் ஒரு முட்டைக்கோஸை
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
உள்ளே புழு. வெட்டியெறிந்து மிச்சத்தைச் சமைத்தோம்.
இதை எந்தக் கட்டத்தில் போடுவாய்?
'இதர' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அக்கா.

இழுப்பறையில் ஒரு மாற்றல் விண்ணப்பம்
தேதி போடாமல் கிடப்பதை
நான் சொல்லவில்லை. படிவமும் கேட்கவில்லை.

பதினாறாம் கேள்வியில் குளம்புச் சத்தம்.
குதிரைமேல் லிம்போ, தலைப்பிரசவம்,
கடிவாளம் பிடித்தபடி அவள் தம்பி,
மூன்று மணி நேரம் சரிவில் இறங்கி வந்திருக்கிறார்கள்.

பிரசவ வரைபடத் தாள்
ஜூனிலேயே தீர்ந்துபோயிருந்தது.
அவன் மடியிலிருந்து கடைசித் தாளை உருவினேன்.
ஒரே ஒரு கேள்வி அதில்,
பின்பக்கம் வெள்ளைவெளேரென்று.
மாத்திரைப் பெட்டியின் விளிம்பை வைத்துக்
கோடு போட்டேன்.
சூரிய மின்கலம் எட்டு மணிக்கே கண்ணை மூடிக்கொண்டது.
டார்ச்சைப் பிடி என்றேன்,
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பிடி.

அரைமணிக்கொரு புள்ளி.
நூற்று நாற்பது. நூற்று முப்பத்தாறு.
நூற்று நான்கு என்று எழுதியபோது
வெளிச்சம் நடுங்கியது.
இடப்பக்கம் திரும்பிப் படு, பெண்ணே.
மூச்சு விடு. நீயும் விடு, லெபோனா.
நூற்றுப் பன்னிரண்டு.
நூற்று முப்பத்திரண்டு.

விடியுமுன் வந்துவிட்டாள்.
இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
லிசெபோ தரையைக் கழுவிவிட்டு
பழக்கம்போல யாரையோ திட்டினாள்.

காலையில் தாளைத் திருப்பிக் கேட்டான்.
தர முடியாது, அது இப்போது
ஒரு பெண்ணின் மருத்துவக் குறிப்பு.
திருப்பிப் பார்த்தான்:
'மொத்தத்தில் உங்கள் பணியில்
நீங்கள் திருப்தியாக இருக்கிறீர்களா?'
என் கட்டைவிரல் ரத்தம் இரண்டு கட்டங்களைச்
சேர்த்து நனைத்திருந்தது.
எவை என்று நானும் பார்த்தேன்,
எழுத்து தெரியவில்லை.

'பதிலில்லை' என்று குறித்துக்கொண்டான்.
மிச்சக் கடைசித் தாள்களை
விட்டுவிட்டுப் போயேன் என்றேன்.
கணக்குக் காட்ட வேண்டுமாம், யோசித்தான்,
எச்சில் தொட்டு எண்ணினான்,
பன்னிரண்டு தந்தான்.

பன்னிரண்டு பிரசவம்.
அக்டோபர் வரை தாங்கும்.